முதல் பாடு யாருக்கு

ஏரிக்கரைக் கிராமமான தோணிரேவில் கஸ்தூரியம்மாளுக்கு யாரும் எதையும் சும்மா கொடுத்துவிட முடியாது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தால்கூட, "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள். வாங்கிய பிறகும் அன்று முழுவதும் அந்த வீட்டின் மேல் ஒரு கண் இருக்கும். கணவன் சுப்பராயலு ஏரியிலிருந்து சீக்கிரம் திரும்பினாலும் கேள்வி, தாமதமாகத் திரும்பினாலும் கேள்வி. அவன் பொறுமைசாலி. "உனுக்கு பதில் சொல்றதுக்கே தனியா ஒரு ஆளு வெச்சிக்கணும்" என்பான். "யாரு அந்த ஆளு?" என்று அதையும் கேட்பாள்.

பிறவியிலேயே அவள் அப்படி இல்லை. பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கொடி பறந்த காலம் அது. அவள் சிறுமியாக இருந்தபோது தொடர்ந்து மழை பொய்த்து, ஏரி வற்றி, கரையெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள். ஒரு நாள் பட்டணத்திலிருந்து நல்ல சேலை கட்டிய ஒருத்தி வந்து, பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறார்கள், வாருங்கள் என்று கூப்பிட்டாள். கஸ்தூரிக்குக் காய்ச்சல், போகவில்லை. அக்கா தேவகி போனாள். போனவள் திரும்பவில்லை. பஞ்சத்தைச் சாக்காக வைத்துப் பிள்ளைகளைக் கப்பலேற்றி விற்கும் தரகர்கள் அந்தக் கடற்கரையில் நடமாடினார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. எந்தத் தரகன், எந்தக் கப்பல் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் கஸ்தூரி முதலில் அவர்கள் கையைத்தான் பார்ப்பாள்.

தோணிரேவுக்கு அவள் மருமகளாக வந்தபோது அங்கே ஏழு படகுகள் இருந்தன. மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்ததும் இறால் கடலை நோக்கி இறங்கும். முகத்துவாரத்தை ஒட்டி ஓடையில் கழி நட்டு, வலை கட்டி, நீரோட்டத்தோடு வருவதைப் பிடிப்பார்கள். எந்த இடத்தில் எந்தப் படகு வலை கட்டலாம் என்பதற்கு ஊரில் ஒரு முறை உண்டு. அந்த இடத்துக்கும் பாடு என்று பெயர், அந்த முறைக்கும் பாடு என்று பெயர். முகத்துவாரத்துக்கு நேராக இருப்பது முதல் பாடு. அதற்கு உள்ளே இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாகப் போகும். கடைசிப் பாட்டில் பாசிதான் அதிகம் சிக்கும். அதனால் யாரும் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. இன்று முதல் பாட்டில் நின்ற படகு நாளைக்கு இரண்டாவதற்குப் போகும், கடைசியில் நின்றது முதலுக்கு வரும். திதி ஒவ்வொன்றாக நகர நகரப் படகும் ஒவ்வோர் இடம் நகரும். வருஷத்துக்கு ஒரு முறை, அம்மன் கோயிலில் பொங்கல் வைக்கும் நாளில், யார் எங்கே தொடங்குவது என்று பானையில் ஓலைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள்.

இதில் யாருக்கும் குறை இருந்ததில்லை. அப்புறம் ஒரு வருஷம், ஏழு படகில் இரண்டு படகுக்காரர்கள் வலையை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கோட்டைக்குச் சரக்கேற்றும் படகுகளில் கூலிக்குப் போய்விட்டார்கள். மாதா மாதம் அரிசி கிடைக்கும் என்றார்கள். அவர்களைக் கோட்டை வாசல்வரை கூட்டிக்கொண்டு போனவர் உலகநாதன். அவர்தான் ஊருக்குப் பெரியதனக்காரர். முன்னே இருந்தவர் இறந்து, அவர் அந்தப் பொறுப்புக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மீதி ஐந்து படகு. அதில் ஒன்று அவருடையது, ஒன்று சுப்பராயலுவுடையது.

ஓடையில் ஐந்து பாடு என்று சுருக்கிக்கொண்டார்கள். முறை பழையபடியே நடந்தது.

கஸ்தூரியம்மாளின் வேலை, விடியற்காலையில் கரைக்கு வரும் இறாலைக் கூடையில் வாரி, தலைச்சுமையாகப் பழவேற்காட்டுத் தெருக்களுக்குக் கொண்டுபோய் விற்பது. அதனால் யார் படகில் எவ்வளவு வந்தது என்பது அவள் கழுத்துக்கே தெரியும். அமாவாசையும் பௌர்ணமியும் வந்தால் கடல் ஏறி இறங்கும் ஓதம் பெரிதாக இருக்கும், நீரோட்டம் வேகமாக இருக்கும். அன்று முதல் பாட்டில் நிற்பவனுக்கு மற்ற நாளைப்போலப் பல பங்கு விழும். அந்த வருஷம் அமாவாசை மறுநாள் காலை உலகநாதன் படகைச் சுற்றித்தான் கூட்டம் நின்றது. பௌர்ணமிக்கும் அவர் படகுதான். அடுத்த அமாவாசைக்கும் அவர் படகுதான்.

"அவுரு வேளை நல்லா இருக்குது" என்றான் சுப்பராயலு.

"வேளை ஒருத்தருக்கே வேலை செய்யுமா?"

"சீட்டுல அவுருக்கு மூணாவது வந்துது. முதல் சீட்டுகூட இல்ல. அதுல இன்னா சூது கண்டுட்டே?"

அடுத்த வருஷம் சீட்டு எடுத்தபோது அவள் கவனமாகப் பார்த்தாள். போன வருஷம் சப்தமியில் எடுத்தார்கள், இந்த வருஷம் திரயோதசி. நாள் குறித்தவர் உலகநாதன். இந்தத் தடவை அவருக்கு நான்காவது வந்தது. மூன்றாவதும் இல்லை, முதலும் இல்லை. இரண்டு நாள் கழித்துப் பௌர்ணமி. அவர் படகு முதல் பாட்டில் நின்றது. அதற்கடுத்த அமாவாசைக்கும் நின்றது.

ஒவ்வொரு வருஷமும் வேறு வேறு சீட்டு வருகிறது, பலன் மட்டும் ஒருவருக்கே போகிறது. முதல் சீட்டே அவருக்கு வந்திருந்தால்கூட அதிர்ஷ்டம் என்று விட்டிருப்பாள். இப்படிச் சுற்றி வளைத்து வருவதுதான் அவளுக்கு உறுத்தியது. இது கைவேலை என்று முடிவு கட்டினாள். இரண்டு படகுக்காரர்களைக் கோட்டைக்கு அனுப்பியதும் இதற்காகத்தான் என்று தோன்றியது. சந்தைக்கு உடன் வரும் பெண்களிடம் சொன்னாள். அவர்கள் தங்கள் வீட்டில் சொன்னார்கள். நான்கே நாளில் ஊர் முழுக்க அதே பேச்சாக ஆயிற்று. தருமன் என்று ஒரு படகுக்காரன், சுப்பராயலுவுக்குத் தம்பி முறை, கோபக்காரன். அந்த இரண்டு வருஷமும் பௌர்ணமியில் ஐந்தாவது பாட்டில் பாசி வாரியவன். அவன் உலகநாதனின் வீட்டு வாசலில் போய் நின்று கூட்டம் கூட்டச் சொன்னான்.

கூட்டத்தில் உலகநாதன் குரலை உயர்த்தவில்லை. "நான் பானையில இன்னா பண்ண முடியும்? எல்லார் எதிர்லயும்தானே எடுத்தோம்?"

"பானை யாரு வூட்டுது, மாமா?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து கஸ்தூரியம்மாள் கேட்டாள்.

பானை அவர் வீட்டுப் பானைதான்.

"அப்ப உன் வூட்டுப் பானைய எடுத்துக்கினு வா. நீயே கழுவு, நீயே சீட்டப் போடு. இன்னிக்கே மறுபடி எடுக்கலாம்."

அவர் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பானையைக் கொண்டுவந்தாள். ஐந்து ஓலைத் துண்டையும் தானே ஒரே அளவாக நறுக்கினாள். அன்று ஏகாதசி. உலகநாதனுக்கு முதல் சீட்டு வந்தது. கூட்டத்தில் சிலர் முனகினார்கள். சுப்பராயலுவுக்கு இரண்டாவது.

ஏகாதசியில் இரண்டாவது பாட்டில் தொடங்கிய சுப்பராயலுவின் படகு, துவாதசியில் மூன்றாவது, திரயோதசியில் நான்காவது, சதுர்த்தசியில் ஐந்தாவது என்று நகர்ந்து, பௌர்ணமியன்று முதல் பாட்டில் வந்து நின்றது. மறுநாள் காலை அவன் படகிலிருந்து இறாலைக் கரை சேர்க்க இரண்டு பேர் கூடுதலாக வேண்டியிருந்தது. கஸ்தூரியம்மாள் நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். அடுத்த அமாவாசைக்கும் அவர்கள் படகே முதல் பாட்டில் நின்றது. அப்போது யாரும் அவளிடம் முகம் கொடுத்துச் சிரிக்கவில்லை. அதற்கடுத்த பௌர்ணமி வந்து, அன்றும் அதுவே நடந்தபோது, சந்தைக்குப் போகும் பெண்கள் அவளுக்காகக் காத்திருக்காமல் கிளம்பிவிட்டார்கள்.

தருமன் கரையில் வழிமறித்தான். "பானை உங்க வூட்டுது. ஓலை நறுக்குனது நீங்க. இப்ப சொல்லுங்க அண்ணி, இன்னா பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல."

"அவரும் இதத்தான் சொன்னாரு."

வீட்டுக்கு வந்து கூடையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். சுப்பராயலு வலையை உலர்த்திக்கொண்டிருந்தான். "ஊரு பேசினா பேசட்டும். வர்றது வரட்டும்" என்றான். அவன் முகத்தில் ஒரு மாதமாக ஒரு தெளிச்சி இருந்ததை அவளும் பார்த்திருந்தாள். அவனே ஏதாவது செய்திருப்பானோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பிறகு உலகநாதன் மேலேயே மனம் போயிற்று. தன்னை மாட்டிவைக்க வேண்டுமென்றே அவர் சீட்டைத் தங்கள் பக்கம் தள்ளியிருக்க வேண்டும். அன்று அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டாரே. எப்படிச் செய்தார் என்பதைக் கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்தாள்.

ஏரிக்கரையின் ஈர மணலில் ஐந்து கோடு கிழித்தாள். ஐந்து மட்டி ஓடுகளை எடுத்து, ஒவ்வொரு படகுக்கும் ஒன்று என்று வைத்துக்கொண்டாள். ஏகாதசியில் இருந்த இடத்தில் அவற்றை வைத்து, திதி சொல்லிச் சொல்லி ஒவ்வொரு கோடாக நகர்த்தினாள். பௌர்ணமிக்கு அவர்கள் ஓடு முதல் கோட்டில் வந்தது. அமாவாசைக்கு அதுவே வந்தது. யாரும் கை வைக்கவில்லை. அவள்தான் நகர்த்தினாள். திருட்டு நடக்கும் இடம் எங்கேயோ இடையில் இருக்கிறது, அது தன் கண்ணில் படவில்லை என்று மறுபடி நகர்த்தினாள். பழையபடிதான் வந்தது.

ஓடுகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். இப்போது தருமனின் ஓடு பௌர்ணமிக்கு வந்தது. ஆனால் வந்தது வந்ததுதான், எல்லாப் பௌர்ணமிக்கும் எல்லா அமாவாசைக்கும் தருமனே. தொடக்கத்தை மாற்றினால் ஆள் மாறுகிறான், போகும் தடம் மாறவில்லை. சரி, ஒவ்வொரு கோடாக நகராமல் இரண்டிரண்டு கோடாகத் தாண்ட வைத்தால்? தாண்டிப் பார்த்தாள். நடுவில் வேறு வேறு இடத்துக்கெல்லாம் போய்விட்டு, பௌர்ணமிக்குச் சரியாகப் பழைய இடத்துக்கே வந்து நின்றன. மும்மூன்றாகத் தாண்டியும் பார்த்தாள். அதே கதை.

அப்போதுதான் விரல்களை மடக்கி எண்ணினாள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடையில் பதினைந்து நகர்வு. ஐந்து கோட்டில் ஐந்து நகர்ந்தால் தொடங்கிய இடம். பத்து நகர்ந்தால் தொடங்கிய இடம். பதினைந்துக்கும் அதுவேதான். எத்தனை தாண்டினாலும் ஐந்தைந்தாக அடங்கிவிடுகிறது.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு திருடனைத் தேடி இரண்டு வருஷம் ஓடியவளுக்கு, திருடனே இல்லை என்பதை நம்பக் கஷ்டமாக இருந்தது. எண்ணே தன்னை ஏமாற்றுகிறதோ என்று ஏழு கோடு கிழித்துப் பார்த்தாள். பழைய நாளில் ஏழு படகு இருந்தபோது எல்லாருக்கும் முறை வந்தது அவளுக்கு நினைவிருந்தது. ஏழில் பதினான்கு நகர்ந்தால் பழைய இடம், பதினைந்தாவது நகர்வு ஒன்று மிச்சம். அதனால் ஒரு பௌர்ணமிக்கு ஒருவன் வந்தால் அடுத்த அமாவாசைக்கு அவன் ஓர் இடம் தள்ளிப் போனான், முதல் பாட்டுக்கு வேறொருவன் வந்தான். இப்படியே ஏழு பேருக்கும் வந்தது. ஆறு கோட்டில் இரண்டே பேர் மாறி மாறி வந்தார்கள், மற்ற நான்கு பேருக்கு ஒன்றும் இல்லை. நான்கில் எல்லாருக்கும் வந்தது.

அந்தி சாய்வதற்குள் போய் உலகநாதனிடம் சொன்னாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத யாரு உனுக்குச் சொல்லிக் குடுத்தது? கோட்டையில கணக்குப் பாக்கறவனா?"

"யாரும் சொல்லல. மட்டி ஓட்ட வெச்சிப் பாத்தேன்."

"கூடை தூக்கிக்கினு கோட்டைத் தெருவுக்குத்தானே போறே, தெனமும்?"

அவளுக்கு எரிச்சல் வந்தது. பிறரைத் தான் எத்தனை நாள் இப்படிக் கேட்டிருக்கிறோம் என்ற நினைப்பு அவளுக்கு வந்ததாகத் தெரியவில்லை. "நாளைக்கு எல்லாரையும் கரைக்குக் கூப்புடுங்க மாமா. நான் ஓட்டத் தொட மாட்டேன். அவங்கவங்க ஓட்ட அவங்கவங்களே நகத்தட்டும்" என்றாள்.

மறுநாள் வெயில் ஏறும் முன்பே கூடினார்கள். ஐந்து படகுக்காரர்களும் மணலில் குந்தினார்கள். ஒவ்வொருவனும் தன் ஓட்டைத் தானே பொறுக்கி, தானே வைத்தான். சுப்பராயலு வைத்த இடத்தைத் தருமன் இரண்டு தரம் சரிபார்த்தான். கஸ்தூரியம்மாள் கைகளை முந்தானைக்குள் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றாள். திதி சொல்லும் வேலைகூட அவளுக்கு வேண்டாம் என்று உலகநாதனின் மனைவி ராஜம்மாவிடம் கொடுத்தார்கள்.

"பிரதமை" என்றாள் ராஜம்மா. ஐந்து கையும் நகர்ந்தன. "துவிதியை." நகர்ந்தன. ஒவ்வொருவனும் தன் கையைவிட அடுத்தவன் கையையே அதிகம் பார்த்தான். "பௌர்ணமி" என்றபோது, அமாவாசைக்கு முதல் கோட்டில் இருந்த ஓடு மறுபடி முதல் கோட்டில் இருந்தது. தருமன் எல்லா ஓட்டையும் கலைத்தான். "மறுபடியும் வைங்க. நான் சொல்ற வரிசையில வைங்க." வைத்தார்கள். இந்தத் தடவை பௌர்ணமிக்குத் தருமனுடையது முதல் கோட்டில் வந்தது, அமாவாசைக்கும் அதுவே வந்தது.

"இது இன்னாமோ மந்திரம்" என்றான்.

"இன்னொரு ஓடு சேத்துப் பாருங்க" என்று தூரத்திலிருந்து கஸ்தூரியம்மாள் சொன்னாள்.

ஆறு வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கு மாறி மாறி வந்தது. மற்றவர்கள் அந்த இரண்டு பேரையும் முறைத்தார்கள். பிறகு ஏழு. இரண்டு ஓடு யாருடையதும் இல்லை. அவற்றை ராஜம்மாவே நகர்த்தினாள். அமாவாசைக்கு அமாவாசை, பௌர்ணமிக்குப் பௌர்ணமி, முதல் கோட்டுக்கு வேறு வேறு ஓடு வந்தது. எல்லா ஓடும் ஒரு முறை வந்து முடியும்வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை. வெயில் முதுகைச் சுட்டது.

"ஏழு படகுக்கு எங்க போறது?" என்றான் சுப்பராயலு.

"பாடு ஏழு இருந்தாப் போதும். ரெண்டு முறை காலியா இருக்கட்டும்" என்றாள் கஸ்தூரியம்மாள். நான்காகச் சுருக்கினால் ஒரு படகு கரையில் நிற்க வேண்டும், அதை யாரும் ஒப்ப மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

காலியாக விடுவதா என்று தருமன் கொதித்தான். காலி முறை பௌர்ணமியன்று முதல் பாட்டுக்கு வந்தால் அவ்வளவு இறாலும் கடலுக்குப் போய்விடுமே. அப்போதுதான் உலகநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். ஒரு முறை அம்மன் கோயிலுக்கு இருக்கட்டும். இன்னொன்று, படகோட்ட ஆம்பிளை இல்லாத வீடுகளுக்கு. அந்தப் பெண்கள் ஆள் வைத்து வலை கட்டிக்கொள்ளட்டும், வருவதைப் பிரித்துக்கொள்ளட்டும்.

நல்ல யோசனை என்று பலர் தலையசைத்தார்கள். கஸ்தூரியம்மாள் தலையசைக்கவில்லை. அவருடைய தங்கை ஒருத்தி புருஷனை இழந்து, பிள்ளைகளோடு கடைசி வீட்டில் இருந்தாள். அது அவளுக்கு உடனே நினைவுக்கு வந்தது. ஆனால் அந்தத் தங்கையைப்போலவே இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் இவருக்கும் ஒரு உறவும் இல்லை. எப்படித் திருப்பிப் பார்த்தும் அதில் சூது தெரியவில்லை. சூது தெரியாததே அவளை வீடு போகும்வரை அரித்தது.

ஏழு பாட்டு முறை ஊரில் நின்றுவிட்டது. அந்தப் பருவத்திலேயே தருமனுக்கு ஓர் அமாவாசை கிடைத்தது. அவன் கூடை கூடையாகக் கரை சேர்த்தான். ஆனால் கஸ்தூரியம்மாளிடம் பழையபடி பேசவில்லை. பானை விஷயத்தில் அவள் ஏதோ செய்தாள், மாட்டிக்கொண்டதும் மட்டி ஓட்டுக் கணக்கைக் காட்டித் தப்பித்தாள் என்பதுதான் அவன் முடிவு. ஊரில் பாதிப் பேருக்கும் அந்த முடிவுதான். சந்தைக்குப் போகும் பெண்கள் மறுபடி அவளோடு சேர்ந்து நடந்தார்கள், ஆனால் அவள் வந்ததும் பேச்சை மாற்றினார்கள்.

சில வருஷம் கழித்து, ஒரு புயலில் சுப்பராயலு முகத்துவாரத்தில் படகோடு போனான். உடல் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒதுங்கியது. அவள் அழுது முடிக்கும்வரை ஊர் அவளோடு இருந்தது. அப்புறம் ஆம்பிளை இல்லாத வீட்டு முறையில் அவளுக்கும் ஒரு பங்கு வந்தது. அதை முதல் தடவை வாங்கிய அன்றே யாரோ சொல்லிவிட்டார்கள், அவள் அன்றைக்கே இதற்கு வழி பண்ணி வைத்துக்கொண்டாள் என்று. அவளுக்கு அது காதில் விழுந்தது. இப்படிப் பேசுவது யார் வேலை என்று மட்டும் விசாரித்துத் தெரிந்துகொண்டாள், அந்த வீட்டுத் தண்ணீரை அதன் பிறகு தொடவில்லை.

உலகநாதன் வயதாகிப் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் போனாள். ராஜம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். அவருக்குக் கண் மங்கியிருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"ஒண்ணு கேக்கணும் மாமா" என்றாள்.

"கேளு. இத்தினி வருஷமா கேக்காம இருந்ததே பெரிசு."

"ஐஞ்சு படகு ஆனப்ப, பௌர்ணமி உங்களுக்கே வரும்னு தெரியுமா?"

"ரெண்டாவது அமாவாசைக்கும் வந்தப்ப தெரிஞ்சிது."

"எப்படின்னு தெரியுமா?"

"அது நீ ஓட்ட வெச்சப்பதான் தெரியும். வருதுன்னு மட்டும் தெரியும்."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"உனுக்கு வந்தப்ப நீ உடனே சொன்னியா?"

முதல் பௌர்ணமிக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று தான் நினைத்தது அவளுக்கு நினைவு வந்தது. இருந்தாலும் விடவில்லை. "அந்த ரெண்டு படகுக்காரங்கள கோட்டைக்குக் கூட்டிக்கினு போனது?"

"அவங்க பிள்ளைங்க பசியில இருந்துது, கஸ்தூரி."

அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். மங்கிய கண்ணில் எதையும் படிக்க முடியவில்லை. ராஜம்மா விசிறியை நிறுத்திவிட்டு, "போதும்மா, அவுரு தூங்கட்டும்" என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் உலகநாதன் இறந்துபோனார். கஸ்தூரியம்மாள் அதன் பிறகு பல வருஷம் இருந்தாள். அந்தப் பெரியவரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், பாடு முறையில் அவர் சூது பண்ணவில்லை என்று அவளே சொல்லுவாள். யாராவது உடனே ஒப்புக்கொண்டால், கொஞ்சம் நிறுத்தி, "எனுக்குத் தெரிஞ்ச வரைக்கும்" என்று சேர்த்துக்கொள்வாள்.